வெட்டு உத்தரவு யார் கையில்? ஒரு சிரா பாட்டிலும் ஞாயிற்றுக்கிழமைக் கறியும்

கேள்வி இதுதான்: "திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஆர்டர் முடித்துக் கிளம்பிய பிரெஞ்சு பையர் ஒரு ஒயின் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார். குரோஸ்-எர்மிடாஜ், 2020, 13 சதவீதம் என்று போட்டிருக்கிறது. மூடியின் மேல் ஒரு ஆள் பீப்பாய் சுமக்கிற படம். 'இது சாப்பாட்டு ஒயின், தனியாகக் குடிக்காதே' என்றார். நம் வீட்டுச் சாப்பாட்டோடு சரிவருமா? ஞாயிற்றுக்கிழமை பள்ளிபாளையம் சிக்கன் செய்யலாம் என்றிருக்கிறோம். அந்தப் படத்துக்கு என்ன அர்த்தம்?"

முதலில் நேரடியான பதில். நம் வீட்டுச் சாப்பாட்டோடு நன்றாகச் சரிவரும். பள்ளிபாளையம் சிக்கனோடு மட்டும் வேண்டாம். அன்றைக்கு ஆட்டுக்கறி எடுத்து, மிளகாயை ஒதுக்கிவிட்டு மிளகு தட்டிப் போட்டு வறுத்தால், பையர் சொன்னதன் அர்த்தம் இரண்டாவது வாயிலேயே தெரிந்துவிடும். அவசரக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மீதி எல்லாம் 'ஏன்' என்பதற்கான பதில்.

எனக்கு ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். பெங்களூரில் ஒரு ஹோட்டலில் பதினோரு வருடம் ஒயின் பரிமாறுகிற வேலை பார்த்தேன். நடுவில் ஒரு செப்டம்பர் மாதம், உங்கள் பாட்டில் பிறந்த அதே பிரான்சின் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஒரு சின்னத் தோட்டத்தில் திராட்சை பறிக்கிற கூலியாளாக இருந்தேன். இப்போது தோட்டத்தோடு சரி. நம் ஊரில் 'ஒயின் ஷாப்' என்று போர்டு தொங்கிய காலத்திலேயே உள்ளே போய் ஒயின் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள் என்பதால், இந்த மாதிரிக் கேள்வி எனக்கு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

குரோஸ்-எர்மிடாஜ் என்பது திராட்சையின் பெயர் இல்லை, இடத்தின் பெயர். ஊத்துக்குளி என்றால் வெண்ணெய் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை அல்லவா, அந்த மாதிரி. அந்த வட்டாரத்தில் சிவப்பு ஒயின் என்றால் திராட்சை சிரா. வெள்ளைத் திராட்சையை 15 சதவீதம் வரை சேர்க்கச் சட்டம் விடுகிறது, ஆனால் பலர் சேர்ப்பதில்லை. ஆஸ்திரேலியாவிலும் நாசிக்கிலும் ஷிராஸ் என்று எழுதியிருப்பதும் இதே கொடிதான். ஈரானில் ஷிராஸ் என்று ஒரு நகரம் இருப்பதால் அங்கிருந்து வந்தது என்று நெடுங்காலம் கதை சொன்னார்கள். 1998-ல் மரபணுச் சோதனை செய்து பார்த்ததில் தாய் தகப்பன் இரண்டுமே தென்கிழக்கு பிரான்சின் பழைய நாட்டுத் திராட்சைகள் என்று தெரிந்துபோனது. ஒன்று துரேசா, இன்னொன்று மோந்தோஸ் பிளான்ஷ். இரண்டுமே பெரிய பேர் வாங்காத திராட்சைகள். பிள்ளை மட்டும் உலகம் சுற்றிவிட்டது.

இனி மூடியில் இருக்கிற ஆள். அது பிரான்சின் சுயேச்சை ஒயின் விவசாயிகள் சங்கத்தின் முத்திரை. 'வின்யெரோன் ஆந்தெபாந்தான்' என்று சுற்றி எழுதியிருக்கும். சொந்தக் கொடியை வளர்த்து, தானே பறித்து, தானே புளிக்கவைத்து, தானே பாட்டிலில் அடைத்து, தானே விற்கிறவர்கள்தான் இந்தப் படத்தைப் போட்டுக்கொள்ளலாம். திருப்பூர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். நிட்டிங் ஒரு இடம், டையிங் ஒரு இடம், காம்பாக்டிங் ஒரு இடம், பிரிண்டிங் ஒரு இடம் என்று சுற்றாமல், நூலில் தொடங்கிப் பெட்டி கட்டுகிறவரை ஒரே கூரைக்குள் முடிக்கிற யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருத்தியும் அவருடையதே.

ஆனால் எனக்கு இதைப் புரியவைத்தது கரும்புதான்.

எங்கள் தோட்டத்தில் அப்பா வெகுகாலம் கரும்பு வைத்திருந்தார். ஆலைக்குப் பதிந்த கரும்பை நினைத்த நாளில் வெட்ட முடியாது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வர வேண்டும். ஒரு வருடம் உத்தரவு ஒன்றரை மாதம் தள்ளிப்போனது. கரும்பு பூத்தெடுத்துவிட்டது. சோகை காய்ந்து, தட்டை உள்ளே நெட்டியாகி, எடை இறங்கிப்போனது. அப்பா தினமும் பொழுதோட வரப்பில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் சாளைக்குத் திரும்புவார். அதே இட்டேரியில் நாலு தோட்டம் தள்ளி ஒருத்தர் சொந்தமாக ஆலை போட்டு நாட்டுச் சர்க்கரை காய்ச்சிக்கொண்டிருந்தார். கவுந்தப்பாடிச் சந்தையில் அவர் மூட்டைக்குத் தனி மதிப்பு. அவர் கரும்பு எங்களுடையதைவிட ஒசத்தி ஒன்றும் இல்லை. எந்தக் கிழமை வெட்டுவது, பாகை எப்போது இறக்குவது, வெளுப்பாகத் தெரிய ஹைட்ராஸ் ரசாயனம் போடுவதா வேண்டாமா என்கிற மூன்று முடிவும் அவர் கையில் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒயினிலும் வித்தியாசம் அவ்வளவுதான். குரோஸ்-எர்மிடாஜ் வடக்கு ரோனிலேயே பரப்பில் பெரிய வட்டாரம். அங்கே விவசாயிகள் பலர் திராட்சையைக் கூட்டுறவு ஆலைக்கோ பெரிய வியாபாரக் குடும்பங்களுக்கோ கொடுத்துவிடுவார்கள். தாங்-லெர்மிடாஜ் ஊரில் 1933-ல் தொடங்கிய கூட்டுறவு ஆலை இன்றும் நன்றாக ஓடுகிறது. கூட்டுறவு ஒயின் மட்டம் என்று நான் சொல்லவில்லை. அங்கே குடித்ததில் சில எனக்கு ரொம்பப் பிடித்தன. ஆனால் பல பேருடைய திராட்சை ஒரே தொட்டியில் விழுகிறபோது ஒரு தோட்டத்துக்காக ஒரு நாளைத் தள்ளிப்போடவோ முன்னே இழுக்கவோ யாராலும் முடியாது. நானூறு வீட்டுக்குச் சேர்த்துப் பொங்கல் வைக்கிற மாதிரி. பொங்கல் நன்றாகவே இருக்கும், உங்கள் வீட்டு ருசி அதில் இருக்காது.

இந்த வட்டாரத்தில் அந்த நாளைத் தன் கைக்கு இழுத்துக்கொண்டவர்களில் நான் முதலில் சொல்வது அலன் கிராயோ. பரம்பரைத் திராட்சை விவசாயி இல்லை. விவசாயம் சார்ந்த ஒரு நிறுவனத்தில் நல்ல வேலையில் இருந்தவர். நடுவயதில் அதை விட்டுவிட்டு 1985-ல் குரோஸ்-எர்மிடாஜில் கொடிகளைக் குத்தகைக்கு எடுத்து ஒயின் செய்யத் தொடங்கினார். அவருடைய நிலம் சுற்றுலாப் படங்களில் வருகிற செங்குத்து மலைச்சரிவும் இல்லை. கூழாங்கல் நிறைந்த சமவெளி. பக்கத்து மலைமேல் இருக்கிற எர்மிடாஜ் என்ற பேர்பெற்ற வட்டாரத்தின் திராட்சைக்கு இருந்த மரியாதையில் கால்வாசி அந்தக் கீழ்நிலத்துக்கு அப்போது கிடையாது. அந்த நிலத்திலிருந்து அவர் செய்த சிரா, குரோஸ் என்ற பெயரையே தூக்கி நிறுத்தியது.

அவர் செய்ததில் இரண்டு விஷயம் சாப்பாட்டோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஒன்று, காம்பு நீக்காமல் முழுக் கொத்தோடு தொட்டியில் போட்டுப் புளிக்கவைத்தார். ரசத்துக்குக் கொத்தமல்லித் தழையை மட்டும் கிள்ளிப் போடுவதற்கும் தண்டோடு நசுக்கிப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும் அல்லவா? காம்பு ஒரு பச்சிலை வாசத்தையும் மசாலா வாசத்தையும் தரும், பழத்தின் திகட்டலை வெட்டும். காம்பு முற்றாமல் பச்சையாக இருந்தால் ஒயினே கசந்துபோகும் என்பதால் அவரவர் தோட்டம் தெரிந்தவர்கள்தான் இந்த விளையாட்டுக்குப் போக வேண்டும். இரண்டு, புதுப் பீப்பாய் வாங்கவில்லை. பிரான்சின் இன்னொரு ஒயின் வட்டாரமான பர்கண்டியில் ஏற்கெனவே ஒயின் வைத்து எடுத்த பழைய ஓக் பீப்பாய்களை வாங்கினார். புதுப் பீப்பாய் ஒயினுக்கு வனிலா, வறுத்த தேங்காய், காபி வாசமெல்லாம் ஏற்றும். தனியாக ஒரு வாய் குடித்தால் அது ஆளை மயக்கும். தட்டில் தேங்காய் போட்ட வறுவல் இருக்கும்போது, பீப்பாயிலிருந்து வருகிற தேங்காய் எதற்கு?

அவர் 2022-ல் காலமானார். மகன்கள் நடத்துகிறார்கள். கிராயோ ஒரு முறை மொராக்கோவில் சைக்கிளில் சுற்றப் போன இடத்தில் அங்கிருந்த சிராவைக் கண்டு அங்கேயும் ஒரு ஒயின் செய்தார். அதற்குப் பெயர் 'டாண்டம்', இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற சைக்கிள். அந்தப் பாட்டிலைப் பெங்களூரில் ஒரு விருந்தில் நானே திறந்திருக்கிறேன். கொஞ்சம் முரட்டு ஒயின், ஆனால் அன்றைக்கு மேசையில் முதலில் காலியானது அதுதான்.

சுயேச்சை என்பது ஒருமுறை வாங்கிவிட்டால் நிலைத்துவிடுகிற பட்டமும் இல்லை. கலிபோர்னியாவில் பாப் லிண்ட்குவிஸ்ட் 1982-ல் குபே என்று ஒரு ஒயின் நிறுவனம் தொடங்கினார். சொந்த நிலம் இல்லாமல், குளிர்ந்த கடற்காற்று வீசுகிற தோட்டங்களிலிருந்து சிரா வாங்கி, அந்த ஊரில் எல்லாரும் கெட்டியாகவும் இனிப்பாகவும் செய்துகொண்டிருந்தபோது இவர் மட்டும் மெலிதாக, மிளகு வாசத்தோடு, சாப்பாட்டுக்கென்றே செய்தார். பின்னால் அந்தப் பெயர் கைமாறிப் பெரிய நிறுவனத்திடம் போய்விட்டது. மனிதர் தன் குடும்பப் பெயரில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். லேபிள் போகலாம், எந்த நாளில் பறிப்பது என்கிற கணக்கு தலைக்குள்ளேயே இருக்கும்.

அந்தக் கணக்கை ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்தேன். நான் கூலிக்கிருந்த தோட்டத்தில் காலை ஆறரைக்கு முன்னால் வரிசைக்குள் இறங்கிவிட வேண்டும். வடக்கிலிருந்து மிஸ்ட்ரல் காற்று அடித்தால் கண்ணில் தண்ணீர் கொட்டும். தோட்டக்காரருக்கு அறுபது வயதிருக்கும். எங்கள் யாரோடும் பேசமாட்டார். வரிசை வரிசையாக நடந்து, இரண்டு கொத்துக்கு ஒரு பழமாகப் பிய்த்து வாயில் போடுவார். சாறை விழுங்கிவிட்டுத் தோலை மென்றுகொண்டே விதையை உள்ளங்கையில் துப்பிப் பார்ப்பார். விதை பச்சையாக இருந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். நிலக்கடலைத் தோல் நிறத்துக்கு வந்து, பல்லில் நறுக்கென்று உடைந்தால் அந்த வரிசைக்கு ஒரு கயிறு கட்டுவார். பாக்கெட்டில் சர்க்கரை அளக்கிற கண்ணாடிக் குழாய் இருந்தது. கரும்பு ஆலைக்காரர்கள் பிரிக்ஸ் பார்ப்பார்களே, அதே கருவி. அதை அவர் எடுத்தது மூன்று தடவையோ என்னவோ. ஒரு நாள் மத்தியானம் பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் பறிப்பே தொடங்காதபோது இவர் கடைசி வரிசையை முடித்துவிட்டார். 'இன்னும் ஒரு வாரம் விட்டால் இனிப்பு ஏறுமே' என்று கேட்டேன். 'ஏறும். அதற்கப்புறம் அதை ஜாம் என்று விற்க வேண்டும்' என்றார். அந்த மாதம் முழுக்க அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

கணக்கு இதுதான். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஒரு சதவீத ஆல்கஹால். கொடியில் பழம் கூடுதலாக நிற்கிற ஒவ்வொரு வெயில் நாளும் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். 13 சதவீதத்தில் நிற்கிற சிராவுக்கும் 15-க்குப் போன சிராவுக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் அந்தச் சில நாட்கள்தான். புளிப்பு இருந்தால் கொழுப்பை வெட்டும், அடுத்த வாய்க்கு நாக்கைக் கழுவி வைக்கும். ஆல்கஹால் ஏறினால் ஒயின் தட்டை முந்திக்கொண்டு பேசும். உங்கள் பாட்டிலில் 13 என்று இருப்பதைப் பார்த்ததும், பறித்த ஆள் சாப்பாட்டு மேசையை நினைத்துத்தான் பறித்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

சரி, மிளகுக்கு வருவோம். நல்ல சிராவை மோந்தால் புதுசாகத் தட்டிய மிளகு வாசம் வரும். ஒயின்காரர்கள் உவமைக்குச் சொல்வதாக நானும் நினைத்திருந்தேன். உவமையே இல்லை. ஆஸ்திரேலியாவில் 2008-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள்: ரொட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் மிளகிலும் இருக்கிறது, சிராவிலும் இருக்கிறது. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மனித மூக்குக்குத் தெரிந்துவிடும். அதாவது ஒரு கிராம் இருந்தால் ஆறு கோடி லிட்டருக்கு மிளகு வாசம் ஏற்றலாம். குளிர்ந்த இடத்துக் கொடியில் இது கூடுதலாகச் சேரும், வெயில் சுட்டெரிக்கிற இடத்தில் குறையும். வடக்கு ரோன் சிராவில் மிளகும், வெயில் நாட்டு ஷிராஸில் நாவற்பழ ஜாமும் தூக்கலாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அந்தப் பொருளுக்குப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் வயலில் பிடுங்கப் பிடுங்க முளைக்கிற கோரையிலிருந்து. சைப்பரஸ் ரொட்டண்டஸ் என்பது கோரையின் தாவரவியல் பெயர், அதன் கிழங்கில்தான் ரொட்டண்டோனை முதலில் பிரித்தெடுத்தார்கள். குழந்தைக்குக் குளியல் பொடி அரைக்கிறபோது பூலாங்கிழங்கோடு சேர்க்கிற அதே கோரைக்கிழங்கு. அமுச்சி அரைத்த குளியல் பொடி டப்பாவைத் திறந்தால் அடியில் லேசாக ஒரு காரமான மர வாசம் வருமே, அதை நினைத்துக்கொண்டு உங்கள் சிராவை மோந்து பாருங்கள். களைக்கொல்லிக்குக் காசு கொட்டிய கோபம் கொஞ்சம் தணியும்.

இப்போது பள்ளிபாளையம் சிக்கன் ஏன் வேண்டாம் என்பது. அதில் மசாலாவே கிடையாது. சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல்லு, கருவேப்பிலை, கிள்ளிப் போட்ட வரமிளகாய், நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ. அருமையான பண்டம், எனக்கு உயிர். ஆனால் அதன் முழு விசையும் மிளகாயில் இருக்கிறது. மிளகாயின் காரத்தை உணர்கிற அதே நரம்பு முனையைத்தான் ஆல்கஹாலும் தட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் எரிச்சல் கூடும். அதற்கு மேல் சிவப்பு ஒயினின் துவர்ப்பு வேறு சேர்ந்தால் எரிகிற நாக்கைச் சொரசொரப்புத் துணியால் துடைத்த மாதிரி இருக்கும். மிளகிலும் காரம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது சீக்கிரம் எழுந்து சீக்கிரம் அடங்குகிற காரம், மிளகாய் மாதிரி உட்கார்ந்துகொள்ளாது. அதோடு மிளகின் வாசம் ஒயினில் இருக்கிற வாசத்தோடு கைகோத்துக்கொள்ளும். சிரா மிளகுக்குப் பங்காளி, மிளகாய்க்கு ஜென்ம விரோதி. எனக்கு இது ஹோட்டலில் கற்றுக்கொடுத்த பாடமில்லை. எங்கள் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டது.

நோம்பிக்கு உறம்பரை வந்திருந்தார்கள். நான் பிரான்சிலிருந்து பத்திரமாகத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த பாட்டிலை அன்றைக்குத் திறந்தேன். அம்மா எனக்குப் பிடிக்குமே என்று பள்ளிபாளையம் சிக்கன் செய்திருந்தார், மிளகாய் எச்சாகவே போட்டு. என் தாய்மாமா ஒரு வாய் கறி, ஒரு மடக்கு ஒயின் எடுத்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார். "ஏம்மாப்ள, இதுக்கா அத்தன தூரம் போயிட்டு வந்தே? கசாயத்துல மொளகாப்பொடி கரைச்ச மாதிரியல்ல இருக்குது." எனக்கு முகம் சுருங்கிப்போனது. அம்மா எதுவும் சொல்லாமல் உள்ளே போனார். மத்தியானக் குழம்புக்கு எடுத்த வெள்ளாட்டுக்கறியில் கொஞ்சம் வெந்து மிஞ்சியிருந்தது. இரும்புச் சட்டியில் கடலெண்ணெய் விட்டு, சின்ன வெங்காயம் வதக்கி, கறியைப் போட்டு, ஒரு கைப்பிடி மிளகையும் சீரகத்தையும் அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டித் தூவி, கொழுப்பு உருகி ஓரம் முறுகுகிறவரை பிரட்டினார். ஒரு சின்ன வட்டலில் கொண்டுவந்து மாமா முன்னால் வைத்தார்.

மாமா இரண்டு துண்டு தின்றார். டம்ளரை அவராகவே திரும்ப இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இப்பத் தேவலை. கறியே இன்னுங் கொஞ்சம் ருசியா இருக்கற மாதிரி இருக்குது" என்றார். நான் உற்சாகமாகி மிளகு வாசம் தெரிகிறதா என்று கேட்டேன். "மொளகு கறியில இருக்குது. இதுல நாவப்பழந்தான் இருக்குது. நீ சும்மா மொளகு மொளகுங்கறே." வெகுநாள் கழித்துத்தான் படித்தேன்: ஐந்தில் ஒருவருக்கு ரொட்டண்டோன் வாசமே மூக்குக்கு எட்டாதாம், எவ்வளவு ஊற்றினாலும். மாமாவிடம் சொன்னால் தன் மூக்கைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்வார். சொல்லவில்லை.

அன்றைக்கு நடந்தது மிளகு மட்டும் இல்லை. சிவப்பு ஒயினின் துவர்ப்பு எச்சிலில் இருக்கிற புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறண்ட மாதிரி ஆகிறது. கறியின் புரதமும் கொழுப்பும் உப்பும் வாயில் இருக்கும்போது அந்தப் பிடி தளர்ந்துவிடும். அதனால் கறிக்கு நன்றாக உப்புப் பிடித்திருக்க வேண்டும். ஒயினுக்கென்று உப்பைக் குறைக்காதீர்கள்.

மற்ற பண்டங்களையும் ஓரளவு சோதித்துப் பார்த்துவிட்டேன். அரிசிம்பருப்பு சாதம் நெய்யோடு, பக்கத்தில் மிளகு வறுவல் என்றால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். சாதம் நடுநிலையாக இருந்து இரண்டு பக்கமும் தாங்கிக்கொள்ளும். நான் எதிர்பார்க்காமல் ஜெயித்தது கொள்ளுப் பருப்பு. பூண்டும் சீரகமும் போட்டுக் கெட்டியாகக் கடைந்த கொள்ளுக்கு ஒரு மண் வாசம் உண்டு. குளிர்ந்த இடத்துச் சிராவிலும் அதே மாதிரி ஈரமண் வாசம் வரும். கறி சாப்பிடாதவர்களுக்கு அதுவும், மொட்டுக் காளான் மிளகு வறுவலும், சேனைக்கிழங்கு வறுவலும் போதும். கோயமுத்தூர் ரோட்டுக்கடைக் காளானைச் சொல்லவில்லை. அதில் காளானைவிட முட்டைக்கோஸ்தான் எச்சு, மேலே ஊற்றுகிற சாஸ் இனிப்பு வேறு. குடல் கறி, ரத்தப் பொரியல் ரொம்பப் பொருத்தம், மிளகாய்த் தூளை மட்டும் அடக்கி வாசிக்க வேண்டும்.

புளிக்குழம்போடு வேண்டாம், புளியின் புளிப்பு ஒயினைத் தண்ணீராக்கிவிடும். மேட்டூர் அணை மீனோடும் வேண்டாம்; சிவப்பு ஒயினில் இருக்கிற இரும்புச் சத்து மீன் எண்ணெயோடு சேர்ந்து ஒரு கவிச்சி எழுப்பும். ஒப்புட்டும் கச்சாயமும் ஒயின் தீர்ந்த பிறகு. இனிப்புத் தின்ற வாய்க்கு நல்ல ஒயினும் கசக்கும்.

பரிமாறுகிற முறை. சிவப்பு ஒயின் அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்துவிட்டு நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அப்படியே ஊற்றாதீர்கள். அவர்கள் சொல்கிற அறை வேறு, நம் அறை வேறு. 15, 16 டிகிரியில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வைத்து எடுத்தால் சரியாக இருக்கும். குளிர்ச்சி ஆல்கஹாலின் நெடியையும் அடக்கும். திறந்ததும் அவித்த முட்டை மாதிரியோ கிழித்த தீக்குச்சி மாதிரியோ லேசாக ஒரு வாடை வந்தால் கெட்டுப்போனது என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள். சிராவுக்கு அந்தக் குணம் உண்டு, காற்றுப் படாமல் அடைந்து கிடந்த கோபம். ஒரு எவர்சில்வர் சொம்பில் மேலிருந்து நுரைக்க ஊற்றி, காபி ஆற்றுகிற மாதிரி இரண்டு ஆற்று ஆற்றி, அரைமணி நேரம் வைத்தால் போய்விடும். பிரெஞ்சுக்காரர் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், ஆனால் வேலை நடக்கும். பித்தளை, செம்புச் சொம்பு மட்டும் வேண்டாம், புளிப்பு உலோகத்தை அரிக்கும். கண்ணாடி டம்ளர் போதும். மிச்சமிருந்தால் கார்க்கைத் திருப்பி அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளைக்குள் முடித்துவிடுங்கள்.

இது தீர்ந்த பிறகு இந்தியாவில் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். இறக்குமதி ஒயினுக்கு நெடுங்காலம் 150 சதவீதச் சுங்கவரி இருந்ததால் இந்த மாதிரிச் சின்னத் தோட்டத்துப் பாட்டில் இங்கே வருவது அபூர்வம். நாசிக்கில் சுலா என்ற நிறுவனம் முதல் பலரும் ஷிராஸ் செய்கிறார்கள். பெங்களூர் நந்தி மலைப் பக்கம் க்ரோவர் நிறுவனத்தின் 'லா ரிசர்வ்' கேபர்னேவும் ஷிராஸும் கலந்தது. இங்கே கொடி குளிர்காலத்தில் தூங்குவதில்லை. வருடத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்து, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பறிக்கிறார்கள். அதனால் மிளகு குறைவு, பழம் தூக்கல். வாங்கும்போது பின்பக்கம் திருப்பி ஆல்கஹால் அளவைப் பாருங்கள். 13-க்குப் பக்கத்தில் இருப்பதை எடுங்கள், 'ரிசர்வ்', 'பேரல்' என்று பெரிதாகப் போட்டிருந்தால் சாப்பாட்டுக்கு அதைவிட அதே கம்பெனியின் சாதா பாட்டில் நன்றாக இருக்க வாய்ப்புண்டு.

நம் தொண்டாமுத்தூர், நரசீபுரம் பந்தலில் தொங்குகிற பன்னீர் திராட்சையில் இந்த ஒயின் வருமா என்று ஒருத்தர் முன்பு கேட்டார். வராது. அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற வேறு சாதி, பன்னீர் வாசமும் இனிப்பும் அதன் குணம். அதை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அதே 1832-ல்தான் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஐரோப்பாவில் திரட்டிய திராட்சைக் குச்சிகள், சிராவும் சேர்த்து, ஆஸ்திரேலியாவில் போய் இறங்கின. கப்பல் மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில சமயம் யோசிப்பேன். ஒன்றும் ஆகியிருக்காது, நம் ஐப்பசி மழையில் அழுகிப்போயிருக்கும்.

உங்கள் 2020 பாட்டில் இப்போது குடிக்கிற பதத்தில்தான் இருக்கும். இன்னும் பத்து வருடம் வைத்தால் மதிப்பு ஏறும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், திருப்பூர் வெயிலில் அட்டாலியில் வைத்த ஒயின் இரண்டு கோடை தாண்டாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே திறந்துவிடுங்கள். கறிக்கடையில் தொடைக்கறி கேட்காமல், நெஞ்செலும்போடு கொழுப்பும் சேர்த்து முக்கால் கிலோ போடச் சொல்லுங்கள். மிளகு பொடியாக வாங்காதீர்கள், வீட்டில் தட்டுங்கள். பள்ளிபாளையம் சிக்கனை அடுத்த வாரம் செய்துகொள்ளலாம், அதற்கு மோர் இருக்கிறது.